நாற்பது நிமிஷ வேலை

சேசு மரி சூசை துணை
மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
6.11.2023

அன்புத் தம்பி டோனிக்கு,

அக்கா அமலோற்பவம் எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் நானும் உன் மச்சானும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அவருக்கு முட்டி வலிதான் பேச்சுக் கேட்க மாட்டேன் என்கிறது. கோயமுத்தூரில் உனக்குக் கண் எரிச்சல் தணிந்ததா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் சொன்னால் என்ன என்பாய். போனில் நான் பத்து வார்த்தை பேசினால் நீ ஒரு 'ம்' போடுகிறாய். எழுதினால் நீயும் பேனாவைப் பிடித்துத்தானே ஆக வேண்டும். இன்னொன்று, உள்ளே ஒரு படம் வைத்திருக்கிறேன். அது தபாலில்தான் வர முடியும்.

கல்லறைத் திருநாளுக்கு ஜெனோவாவைப் பார்க்கப் போனோம். பிரின்ஸ் மகள் ரூபியை வாசலில் இறக்கிவிட்டு, சிமெண்ட் லோடு வருகிறது என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மெழுகுதிரி கொளுத்தி, செவ்வந்தி தூவி, ஜெபம் சொன்னோம். பக்கத்துக் கல்லறைச் சிலுவைகளில் எல்லாம் படம் பதித்திருக்கிறார்கள். நம் ஜெனோவாவுக்குப் பெயரும் தேதியும் மட்டும். ரூபி அடுத்த கல்லறைப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்:

"பெரியம்மா, எங்கம்மா மூஞ்சி எப்புடி இருக்கும்? பின்னாடி உக்காந்து தல சீவி விட்டது மட்டும் ஞாபகம் இருக்கு. மூஞ்சி வர மாட்டேங்குது."

நாலரை வயதில் தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்கு வேறு என்ன ஞாபகம் இருக்கும்?

ஜெனோவாவின் ஆல்பம், அவள் போன் எல்லாம் அவளைக் கட்டிய பிரின்ஸ் வீட்டில். நாலு வருஷமாகக் கேட்கிறேன். "பரண்ல கெடக்கு மதினி, எடுத்துத் தாரேன்" என்பதே பதில். நீயோ ஊரார் கல்யாணத்தை எல்லாம் ஆல்பம் போடுகிறவன், கூடப் பிறந்தவளை ஒரு படம் எடுத்து வைக்கவில்லை. என்னிடம் இருப்பது இது ஒன்றுதான், நத்தம் சித்தப்பா மகள் கல்யாணத்தில் எடுத்தது. பாதி முகத்தில் யாரோ ஒருத்தர் தோள் மறைக்கிறது, மீதிப் பாதியில் பந்தல் நிழல். இதிலிருந்து அவள் முகத்தை எடுத்துக் கொடு. பிப்ரவரி ஒன்பது அவளுடைய நாலாம் வருஷ பூசை. மே மாதம் ரூபிக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை. அன்றைக்கு அந்தப் பிள்ளை கையில் அவள் அம்மா முகத்தைக் கொடுக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

ஒன்றே ஒன்று. அவளை வெள்ளையாக்கிவிடாதே. அவள் கறுப்பி. கறுப்பியாகவே வரட்டும்.

மாதா உன்னைக் காப்பாராக.
அக்கா அமலோற்பவம்


கோயமுத்தூர்
28.11.2023

அன்பு அக்காவுக்கு,

டோனி எழுதுறேன். நல்லா இருக்கேன். கண்ணுக்கு மருந்து விட்டுக்கிறேன். பெரிய மச்சானை வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொல்லு.

படம் வந்தது. முகூர்த்த சீசன், தலைக்கு மேல வேலை. இங்கே எங்களுக்கு எப்படி வேலை என்று உனக்குத் தெரியாது. குடும்பமே நிற்கிற படத்தில் ஒருத்தர் கண்ணை மூடியிருப்பார், வேறு படத்திலிருந்து அவர் கண்ணை எடுத்து வைக்கணும். மகன் துபாயில் இருப்பான், அவனைக் கொண்டுவந்து அப்பா பக்கத்தில் நிறுத்தணும். இறந்தவங்களுக்குக் கோட்டு மாட்டணும். கடையில் கோட்டும் பட்டுச்சேலையுமா நூறு உடம்பு ரெடியா வைத்திருக்கோம், தலை மட்டும் மாத்தினால் போதும். பண்ணிப் பண்ணி மரத்துப் போச்சு. நீ அனுப்பின படம் அப்படி இல்லை, நேரம் எடுக்கும்.

நீ பிரின்ஸ் மச்சான் வீட்டுக்குச் சமீபத்தில் போனாயா?

கிறிஸ்மஸுக்கு வர முடியாது என்று நினைக்கிறேன். ரூபிக்கு ஒரு கலர் பென்சில் பெட்டி அனுப்புறேன், குடுத்துடு.

டோனி


சேசு மரி சூசை துணை
மேட்டுப்பட்டி
19.12.2023

அன்புத் தம்பி டோனிக்கு,

உன் கடிதம் கண்டு ஆறுதல். ஒத்தடம் கொடுத்தோம். உன் மச்சான், "எம் முட்டியையும் டோனிட்ட குடுத்து மாத்திக் குடுக்கச் சொல்லு" என்கிறார். அவர் கேலி அவருக்கு.

பென்சில் பெட்டி வந்தது. ரூபி உன்னைத்தான் "எங்க மாமா, எங்க மாமா" என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

பிரின்ஸ் வீட்டுக்கு நான் போகவில்லை. ஏன் கேட்டாய்? நம் பிள்ளைக்கு மண் காய்வதற்குள் அவர் மாலை மாற்றிக்கொண்ட பிறகு சாணார்பட்டி பஸ்ஸில் நான் ஏறவில்லை. அவர் கட்டிக்கொண்ட அந்த அன்னாளைக் கோயிலில் பார்ப்பதோடு சரி. முக்காட்டை நெற்றி வரை இழுத்துக்கொண்டு முதல் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பாள். ஜெனோவா உட்கார்ந்த அதே இடம். கோயிலில் இடம் யாருக்கும் பட்டா இல்லைதான். ஆனாலும் பார்த்தவுடன் எனக்கு வாயில் எச்சில் கசக்கிறது. தாயில்லாப் பிள்ளைக்குச் சோறு போடுகிறவளை இப்படி நினைப்பது பாவம் என்று தெரிகிறது. தெரிந்தும் கசக்கிறது.

நான் உனக்கு எழுதுவதைத் தேதி போட்டு நோட்டில் நகல் எடுத்து வைக்கிறேன். பூசைக்கு ஐம்பது நாள்தான் இருக்கிறது. மறக்காதே.

குழந்தை இயேசு உன் வாசலுக்கும் வரட்டும்.
அக்கா


கோயமுத்தூர்
18.1.2024

அன்பு அக்காவுக்கு,

பொங்கலுக்கும் லீவு இல்லை. சுகமாத்தான் இருக்கேன். படம் முடிச்சு உள்ளே பிரிண்ட் வைத்திருக்கேன். நல்லா வந்திருக்கு என்று கடையில் எல்லாரும் சொன்னாங்க.

டோனி


சேசு மரி சூசை துணை
மேட்டுப்பட்டி
25.1.2024

தம்பி டோனிக்கு,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

யாரடா இவள்?

கவரைப் பிரித்தேன். சோப்பு டப்பாவில் சிரிப்பாளே ஒருத்தி, அவள் வந்து விழுந்தாள். கன்னத்தில் ஒரு பரு இல்லை, ஒரு துவாரம் இல்லை, மாவு பிசைந்து வைத்த மாதிரி மழமழவென்று இருக்கிறது. மூக்கைக் கூராக்கி இருக்கிறாய். நம் அப்பா மூக்கடா அது, கீழே அகன்று உட்கார்ந்திருக்கும். பல்லை வரிசையாக அடுக்கிவிட்டாய். வெள்ளையாக்காதே என்று ஒன்றுதானே கேட்டேன்? கோதுமை நிறத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய். உதட்டில் சாயம் வேறு. ஆயுசில் அவள் உதட்டில் வெற்றிலைச் சாயம்கூடப் பட்டதில்லை.

உன் மச்சானிடம் காட்டினேன். "பொண்ணு நல்லாருக்கே, யாருக்குப் பாத்துருக்கீக?" என்றார். கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். அதைக் கவிழ்த்துப் போட்டு மேலே பைபிளை வைத்தேன். பைபிளுக்கு அடியில் இது எதற்கு என்று அங்கிருந்தும் எடுத்துவிட்டேன்.

செத்தவள் மேல் இத்தனை பூச்சு எதற்கு? அவள் முகத்தைப் பார்க்க உனக்கு என்ன அவ்வளவு கூச்சம்? தோளை மட்டும் எடு, நிழலை மட்டும் விலக்கு, மீதியை ஆண்டவர் கொடுத்தபடி விடு. பூசைக்குள் அனுப்பு.

அக்கா


சேசு மரி சூசை துணை
மேட்டுப்பட்டி
12.2.2024

தம்பி டோனிக்கு,

நீ பதில் போடவில்லை, படமும் வரவில்லை. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை ஜெனோவாவுக்குப் பூசை நடந்தது. படம் இல்லாமலே நடந்தது. பிரின்ஸ் வரவில்லை. ரூபி காய்ச்சலில் கிடக்கிறாள் என்று சொல்லி அனுப்பினார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற பிறகு வைராக்கியம் என்ன வேண்டிக்கிடக்கிறது? பூசை முடிந்த கையோடு நானே சாணார்பட்டி பஸ் ஏறினேன்.

வாசல் தாண்டியதும் எதிர்ச் சுவரில் ஒரு பெரிய படம், ஆள் உயரத்துக்குத் தங்க பிரேம் போட்டு மாட்டியிருந்தது. ரூபியின் ஞானஸ்நானப் படம். உனக்குத் தெரியும், நீயும் அன்றைக்கு இருந்தாய். கோயில் படியில் பிரின்ஸ் நிற்கிறார், பக்கத்தில் ஜெனோவா மயில்கழுத்து நிறச் சேலையில் பிள்ளையை ஏந்திக்கொண்டு நிற்கிறாள். அந்தச் சேலையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அப்பாடா, ஒரு படமாவது மாட்டி வைத்திருக்கிறாரே என்று ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது.

கிட்டப் போனேன். சேலை ஜெனோவாவுடையது. சேலைக்கு மேலே அன்னாள் முகம்.

டோனி, எனக்கு அங்கேயே ஓங்கரித்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். காலைப் பூசையில் நாக்கில் வாங்கிய நற்கருணை அப்பம் வெளியே வந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து மறுபடி பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்காதே. கழுத்து சேர்ந்த இடம் தெரியவே இல்லை. கெட்டிக்கார வேலை. ஆனால் கை அப்படியே இருக்கிறது. பிள்ளையைத் தாங்கியிருக்கும் இடது கை. அப்பாவின் பூட்டுப் பட்டறையில் அரம் இழுத்துப் பிளந்த கட்டைவிரல் நகம். கறுத்த கை, அதற்கு மேலே சிவத்த முகம். முகத்தை வெட்டியவன் கையைத் தொடவில்லை.

பிரின்ஸைக் கேட்டேன். "என்ன தம்பி இது?"

"அட விடுங்க மதினி. பிள்ள அந்தப் படத்தப் பாத்துப் பாத்து அழுதுச்சு. அன்னாளுக்கும் வீட்ல ஒரு குடும்பப் படம் வேணுமுல்ல? கோயமுத்தூர்ல ஒரு ஆளு பண்ணிக் குடுத்தாரு."

"அசல் எங்க? ஆல்பம் எங்க?"

"ஆல்பத்தக் கரையான் அரிச்சுப் போச்சு மதினி. அதுக்கு நான் என்ன செய்ய?"

ரூபி நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தாள். என் காதில் மெதுவாகக் கேட்கிறாள்: "பெரியம்மா, நான் பாப்பாவா இருக்கயிலயே சித்தி வந்துட்டாகளா? அப்ப எங்கம்மா எங்க இருந்தாக?"

அன்னாள் காபி கொண்டுவந்தாள். தொடாமல் வந்துவிட்டேன்.

உன் தொழிலில் இருக்கிற ஆள்தான் செய்திருக்கிறான். கோயமுத்தூரில் விசாரி. யார் என்று கண்டுபிடி. அவனிடம் அசல் இருக்கும். அதை வாங்கிக் கொடு. அவன் முகத்தை நான் பார்க்க வேண்டாம், எனக்கு ஜெனோவா முகம் போதும்.

சாம்பல் புதன் வருகிறது. ஜெபத்தில் என்னையும் நினைத்துக்கொள்.
அக்கா


கோயமுத்தூர்
2.3.2024

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிச்சுக்கோ. ரூபிக்குக் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புறேன்.

நீ சொன்னதை விசாரிச்சேன். இங்கே நூத்துக்கணக்கில் கடை இருக்கு. யார் என்று கண்டுபிடிக்கிறது கஷ்டம். கண்டுபிடித்தாலும் பிரயோஜனம் இல்லை அக்கா. அசல் ஃபைல் மேலேயே புதுசை சேவ் பண்ணியிருப்பாங்க, பழசு அழிஞ்சிருக்கும். கொண்டுவந்த பிரிண்டையும் பிரின்ஸ் மச்சான் அங்கேயே கிழித்துப் போட்டுட்டார். இனி அது வராது.

செய்தவனையும் ரொம்பத் திட்டாதே. வேலை என்று வந்தது, செய்தான். அவனுக்கும் மனசு கேட்டிருக்காது. அதனாலதான் கையை விட்டுட்டான்.

உன் படத்தைத் திருப்பிச் செய்துகிட்டு இருக்கேன்.

டோனி


சேசு மரி சூசை துணை
மேட்டுப்பட்டி
9.3.2024

டோனிக்கு,

ரூபிக்குக் காய்ச்சல் விட்டது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிரின்ஸ் பிரிண்டைக் கொண்டுவந்தார் என்று நான் எழுதவில்லை. கிழித்துப் போட்டார் என்றும் எழுதவில்லை. எனக்கே தெரியாது. என் கடிதங்களின் நகலையும் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

நீயா?

ஆம், இல்லை. இரண்டில் ஒரு வார்த்தை எழுது. தவக்காலம் முடிவதற்குள் எழுது.

அக்கா


கோயமுத்தூர்
30.3.2024
பெரிய சனி

அன்பு அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஆம்.

இருபத்திரண்டாம் வருஷம் ஜூன் மாதம். பிரின்ஸ் மச்சான் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்தார். கையில் அந்தப் படமும் அன்னாள் படமும். "மாப்ள, வேற எடத்துல குடுத்தா ஊருக்குத் தெரியும். நீயே பண்ணிரு. பிள்ள ராவும் பகலும் அழுகுது. இவ வந்து ஒன்றர வருசம் ஆச்சு, வீட்ல இவளுக்குன்னு ஒரு படம் இல்ல. எப்பவும் பண்றதுதானப்பா" என்றார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். அன்றைக்கு இரண்டு கல்யாண ஆல்பம் அனுப்பியாகணும். எப்பவும் பண்றதுதானே என்று எனக்கும் தோணிச்சு. ஸ்கேன் பண்ணினேன். அன்றைக்கு அது எனக்கு ஒரு வேலை. நாற்பது நிமிஷ வேலை.

முகத்தை எடுக்கிறப்ப ஒண்ணும் தெரியலை. எங்களுக்கு முகம் என்றால் ஒரு வட்டம், அதைச் சுத்திக் கோடு போடுவோம், அம்புட்டுத்தான். கைக்கு வந்தப்பதான் நகத்தைப் பார்த்தேன். அதுக்கு மேல என்னால முடியலை. மச்சான், "கைய யாரு பாக்கப் போறா, விடு" என்றார். விட்டேன். அவர் பிரிண்டை ரெண்டாக் கிழித்து என் மேஜைக்கு அடியில் இருந்த கூடையில் போட்டார். கோந்து, காபி கப்பு எல்லாம் கிடக்கிற கூடை. நான் குனிந்து எடுக்கலை. அவர் போனதுக்கு அப்புறமும் எடுக்கலை. மறுநாள் கூட்டுகிற அம்மா அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க.

நீ படம் அனுப்பினப்ப அவள் முகத்தை ஸ்க்ரீன்ல பெரிசாப் பார்க்க முடியலை. அதான் வழுவழு என்று இழுத்து இழுத்து வேற ஆளாக்கிட்டேன். அது வேற ஆளாக இருந்தாத்தான் என்னால முடிக்க முடிஞ்சது.

இன்னொண்ணும் சொல்லணும். புதுநன்மைக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க மச்சான் அதே படத்தைக் கேட்டார். போன வாரம் அனுப்பிட்டேன். உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கிட்டே அனுப்பினேன்.

அக்கா, நான் சரி பண்ணிடுறேன். உன்கிட்ட இருக்கிற படத்திலிருந்து ஜெனோ முகத்தை எடுத்து அந்த உடம்பிலேயே திருப்பி வைச்சுடுறேன். ஒரு ஆளுக்கும் வித்தியாசம் தெரியாது. நம்பு.

டோனி


சேசு மரி சூசை துணை
மேட்டுப்பட்டி
8.4.2024

டோனிக்கு,

உயிர்த்த ஞாயிறு முடிந்து ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். அதற்கு முன் எழுதியிருந்தால் என் நாக்கு நரகத்துக்குப் போயிருக்கும்.

நீ பிறந்தபோது அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல், உன்னைக் குளிப்பாட்டியது நானும் ஜெனோவாவும். எட்டு வயதுப் பிள்ளை அவள், வெந்நீர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள். அவள் முகம் உனக்கு ஒரு வட்டம்.

பிரின்ஸ் மேல் எனக்கு இருப்பது ஆத்திரம். உன்னை நினைத்தால் ஆத்திரம் வரமாட்டேன் என்கிறது. குழம்பில் முடி கிடந்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது. உன் கடிதத்தை அடுக்களையில் வைத்துப் படித்துவிட்டு, கையைக் கழுவி, அப்புறம்தான் அரிசியைத் தொட்டேன்.

திருப்பி வைக்கிறேன் என்கிறாய். வேண்டாம். கழற்றவும் மாட்டவும் அவள் என்ன பட்டறைப் பூட்டா? வித்தியாசம் தெரியாது என்கிறாய், வித்தியாசம் தெரியாததுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நான் அனுப்பிய படத்தை, தோளும் நிழலுமாக அப்படியே, ஒரு விரல் படாமல் திருப்பி அனுப்பு. நான்தான் முதலில் தப்புப் பண்ணினேன். பாதி முகம் என்றாலும் அது அவள் முகம். அதைத் திருத்தச் சொல்லி உன்னிடம் கொடுத்தேன் பார், அதுதான் தப்பு.

மே பன்னிரண்டு புதுநன்மை. அந்த ஃப்ளெக்ஸைக் கோயில் வாசலில் கட்டினால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. உன் பெரிய மச்சான், "பிள்ள நல்ல நாள்ல நீ வாயத் தொறக்காத" என்கிறார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இதை எழுதாமல் முடிக்கக் கை வரவில்லை.
அமலோற்பவம்


சேசு மரி சூசை துணை
மேட்டுப்பட்டி
15.5.2024

டோனிக்கு,

நாங்கள் சுகம். ஏப்ரல் இருபத்தாறில் உன் கவர் வந்தது. படம் மட்டும் இருந்தது, கடிதம் இல்லை. நீ விழாவுக்கும் வரவில்லை. நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிறு காலை ஆறரைக்கே போய்விட்டேன். கோயில் மண்டப வாசலில் பத்தடிக்கு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தான் பிரின்ஸ். இனிமேல் அவனுக்கு 'ர்' போட எனக்கு மனசில்லை. "ஞானஸ்நானம் முதல் புதுநன்மை வரை" என்று மேலே எழுத்து. கீழே அந்தப் படம். உள்ளே பிரியாணிக்கு வெங்காயம் உரிக்கிறார்கள்.

வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அன்னாள் அங்கே தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "வாங்கக்கா, அன்னக்கிக் காபி குடிக்காமப் போய்ட்டீக, இன்னக்காச்சும் சாப்டுட்டுப் போங்க" என்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"எம் தங்கச்சி உடம்புல நின்னுக்கிட்டு எனக்குக் காபி குடுக்கிறியா நீ?" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள். விரலை நீட்டிக் காட்டினேன். "அது யாரு சேல? நான் எடுத்துக் குடுத்தது. அது யாரு கை? நகத்தப் பாரு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கிட்டத்தில் பார்த்தாள். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தாள். இறங்கி என்னிடம் வந்தாள்.

"கடையில இருக்கிற உடம்புன்னு சொன்னாரேக்கா. கம்ப்யூட்டர் சேல, கம்ப்யூட்டர் கைன்னு சொன்னாரே. கோட்டுப் போட்டு விடுவாகள்ல, அது மாதிரின்னு நெனச்சேன். ரெண்டு வருசமா தெனமும் இதுக்கு முன்னாடி உக்காந்துதானக்கா ஜெபம் சொல்றேன்."

சேலையை வாயில் திணித்துக்கொண்டு சாக்கடை ஓரம் போய்க் குனிந்தாள். எனக்குக் கிணற்றடியில் வந்த அதே ஓங்கரிப்பு. நான்தான் அவள் முதுகைத் தடவிவிட்டேன். இத்தனை நாள் அவளை நினைத்துக் கசந்த கசப்பு எல்லாம் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

பிரின்ஸ் ஓடிவந்தான். "ஏய், என்ன இது? சனம் வர்ற நேரத்துல..."

"செத்தவ கழுத்துல என் தலையா ஒட்டுன? நாளைக்கு நான் செத்தா இது மேல எவ தலைய ஒட்டுவ?" என்று கேட்டாள். வெங்காயம் உரிக்கிற இடத்தில் கத்தியை வாங்கி வந்து அவளே நாலு மூலைக் கயிற்றையும் அறுத்தாள். சுருட்டிக் கோயில் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். பூசைக்கு வந்தவர்கள் வெறும் மூங்கிலைத்தான் பார்த்தார்கள். வீட்டுச் சுவரில் இருந்ததையும் சாயங்காலம் இறக்கிவிட்டாளாம்.

ரூபி வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியுமாக நற்கருணை வாங்கினாள். பூசை முடிந்து, அவளைத் தனியாக அழைத்துக்கொண்டு போய் அந்தப் படத்தைக் கையில் கொடுத்தேன். தோளும் நிழலுமான பாதி முகம். இதுதான் உன் அம்மா என்றேன். வெகுநேரம் பார்த்தாள். படத்தைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள்.

"கறுப்பா இருக்காக பெரியம்மா. என்னைய மாதிரியே."

அவளை ஸ்கூலில் கரிச்சட்டி என்று கூப்பிடுகிறார்களாம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. காலையில் நடந்த சண்டை அவள் காதிலும் விழுந்திருக்கிறது. நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அந்தப் பெரிய படத்துல எங்கம்மா தலைய எடுத்தது யாரு பெரியம்மா?"

"யாரோ கடைக்காரன்" என்றேன்.

"பேரு தெரியாதா?"

"தெரியாது."

புதுநன்மை வாங்கிய பிள்ளையிடம், கோயில் வளாகத்தில் நின்றுகொண்டு, நாக்கூசாமல் சொன்னேன். அவள் "எங்க மாமாட்டச் சொன்னா கண்டுபிடிச்சுருவாக" என்றாள். அதற்கும் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் என்றேன். யாரிடம் என்று சாமியார் கேட்டார். சொன்னேன். போய் அந்தப் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றார். மூன்று நாளாகப் பூசைக்குப் போகிறேன், நற்கருணை வாங்க எழுந்து போகாமல் பெஞ்சியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். உன் மேல் இருந்த அருவருப்பு இப்போது என் மேலேயே இருக்கிறது. உன்னை வெட்டி எடுத்துவிட்டு யாரோ ஒருத்தனை அங்கே வைத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை எனக்கு.

அந்த உண்மையை நான் சொன்னால் அது கோள். நீ சொல்ல வேண்டியது அது. ரூபிக்கு ஸ்கூல் லீவு, இந்த மாதம் முழுக்க என்னிடம்தான் இருக்கிறாள். அந்தப் பாதிப் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள்.

பதில் எழுதாதே. வா.

அக்கா